எதிர்ப் பெஞ்சில் ஒரு தேர்வடம்

தாலுகா ஆபீஸ் தாழ்வாரத்தில் உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருந்தேன். முறுக்கு வருகிற இடம் வந்ததும் வழக்கம்போல் கொண்டையிலிருந்து ஊசியை உருவினேன். எதிர்ப் பெஞ்சில் இருந்தவளும் தன் கொண்டையிலிருந்து ஓர் ஊசியை உருவினாள். அவள் மடியிலும் பின்னல் கிடந்தது. எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

அவள் பெயர் காளியம்மாள். என் நிலத்தைக் குத்தகைக்குப் பயிர் செய்கிற சாமிதுரையின் மனைவி. இன்னும் சற்று நேரத்தில் நான் உள்ளே போய் அதிகாரியிடம், சாமிதுரை குத்தகைக்காரனே இல்லை, கூலிக்கு வந்து போகிறவன், இவள் யாரென்றே எனக்குத் தெரியாது என்று சொல்ல வேண்டும். வக்கீல் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெருமை அடித்துக்கொள்கிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், பெருமைதான். திருவிடைமருதூரில் கம்பளி நூலில் பின்னத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அப்பாவுக்கு நாக்பூரில் ரயில்வே உத்தியோகம். பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரி நான் பாவாடை கட்டுகிற வயதிலேயே கையில் ஊசியைக் கொடுத்துவிட்டாள். கல்யாணமாகி இந்த வெயிலுக்கு வந்த பிறகும் நான் அதை விடவில்லை. கூஜாவுக்குப் பிடி வெளியே தெரிகிற மாதிரி ஓர் உறை. ரேடியோவுக்குக் குமிழ்களுக்கு ஓட்டை விட்டு ஒரு சட்டை. மார்கழி பஜனைக்குப் போக அவருக்கு ஒரு மப்ளர். தெருமுனை தாண்டியதும் அதை அவிழ்த்து மடியில் செருகிக்கொள்வார் என்று எனக்குத் தெரியும். நாத்தனார் குழந்தைக்குப் பின்னிய காலுறையை அந்தக் குழந்தை ஒருநாளும் போட்டதில்லை, ஆனால் வருகிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டுகிறார்கள். “ரேடியோவுக்குக் குளிருமாடி விஜயம்?” என்று கேட்பார் என் கணவர் கல்யாணம். ஹைஸ்கூலில் கணக்கு வாத்தியார். கேலி அவருக்கு இலவசமாக வரும்.

பிள்ளை வாஞ்சிநாதன் போபாலுக்கு வேலைக்குப் போன பிறகுதான் என் கைக்கு ஒரு நியாயம் கிடைத்தது. அங்கே நிஜமாகவே குளிர். “நம்மவாளுக்கு இனிமே இங்கே என்ன இருக்கு?” என்று சொல்லிச் சொல்லியே அவனை அனுப்பிவைத்தார் அவர். நான் ஸ்வெட்டருக்குக் கண்ணி ஏற்றினேன். அந்த ஸ்வெட்டரில்தான் தேர்வடம் பிறந்தது. தைப்பூசத் தேர் நிலைக்கு வந்த மறுநாள் வீதியில் வடம் நீளமாகக் கிடந்தது. குனிந்து, எந்தப் புரி மேலே போகிறது, எது கீழே போகிறது என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். போகிறவர்கள் வருகிறவர்களெல்லாம் அம்மாளுக்கு ஏதோ காசு விழுந்துவிட்டது என்று தேடிக்கொடுக்க வந்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, சில கண்ணிகளைக் கொண்டை ஊசியில் மாட்டி முன்னால் தொங்கவிட்டு, மற்றதை முதலில் பின்னி, பிறகு இதை எடுத்துப் பின்னினேன். முறுக்கு விழுந்தது. மார்பு நடுவே கழுத்திலிருந்து இடுப்புவரை ஒரு முழு வடம். போபாலில் அவன் ஆபீஸர் மனைவி, இது எந்தக் கடை என்று கேட்டாளாம். அதை எழுதிய கடிதத்தை நான் எத்தனை பேருக்குப் படித்துக் காட்டினேன் என்பது உங்களுக்கு வேண்டாம்.

இனி நிலத்துக்கு வருகிறேன். வீரசோழன் ஆற்றுப் பாசனத்தில் முக்கால் வேலி, அதாவது ஐந்து ஏக்கர். அப்பா என் கல்யாணத்துக்கு மஞ்சள்காணியாகக் கொடுத்தது, என் பெயரில் இருந்தது. அதனால்தான் தாலுகா ஆபீசுக்கு அவர் போகாமல் நான் போக வேண்டியிருந்தது. ஆட்சி மாறியபின் வந்த புதுச் சட்டத்தில், பயிர் செய்கிற குத்தகைக்காரர் தன் பெயரைப் பதிந்துகொள்ளலாம். பதிந்துவிட்டால் நிலத்தைவிட்டு லேசில் எழுப்ப முடியாது. சாமிதுரையும் மனுப் போட்டுவிட்டார். அறுப்பு ஆனதும் சாமிதுரைதான் வண்டியில் நெல் கொண்டுவந்து கொல்லைப்பக்கம் இறக்குவார். ரசீது எழுதிக் கொடுக்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் யாருக்கும் கிடையாது, எல்லாம் வாய்வார்த்தைதான். அதனால் அவர் குத்தகைக்காரர் என்பதற்கு என் வாயைத் தவிர வேறு சாட்சி இல்லை. “நீங்க இல்லேன்னா இல்லே மாமி, அவ்வளவுதான் கேஸ்” என்றார் வக்கீல். காளியம்மாளை அதற்கு முன்னால் நான் பார்த்ததே கிடையாது. வயல்பக்கம் நான் போனால்தானே.

வாய்தா மேல் வாய்தா. தாழ்வாரத்தில் எதிரெதிராக இரண்டு பெஞ்சுகள். என் மாமனார் காலத்தில் குத்தகைக்காரர்களெல்லாம் தரையில் குந்தியிருப்பார்களாம். இப்போது உள்ளே அண்ணா படம் மாட்டியிருந்தது, வெளியே சாமிதுரையும் அவர் மனைவியும் எனக்கு நேர் எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். சாமிதுரை துண்டை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிடுவார். அவள் தூங்கமாட்டாள். என் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு தடவை எனக்கு எரிச்சல் வந்து சுவர்ப்பக்கம் திரும்பிக்கூட உட்கார்ந்தேன். கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

ஒருநாள் அவளே கேட்டாள். “ஏங்க, அந்தக் கொண்டை ஊசியில மாட்டுறீங்களே, அத முன்னால வுடணுமா, பின்னால வுடணுமா?”

“முன்னாடி” என்றேன். வாயில் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த வக்கீல் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே.

அதோடு அதை நான் மறந்துவிட்டேன். அவள் கொண்டையிலிருந்து ஊசியை உருவிய அன்று பார்த்தால், மடியில் ஒரு குல்லாய் பாதி வளர்ந்திருக்கிறது. ஊசிகள் சைக்கிள் போக்ஸ் கம்பி. நுனியைக் கல்லில் தேய்த்திருக்கிறாள். பக்கத்தில் அவள் பெண் ஜெயா, மூன்று வயதுக் குழந்தை, மூக்கு ஒழுக உட்கார்ந்திருந்தது. அது போட்டிருந்தது முழுக்கை ஸ்வெட்டர், கடுகு நிறம். மார்பு நடுவே தேர்வடம்.

எனக்கு முதலில் வந்தது கோபம். அதுவும் முறுக்கு எதிர்ப்பக்கமாகப் போயிருந்தது. முன்னால் விடு என்று படித்துப் படித்துச் சொன்ன மாதிரி எனக்கு ஆத்திரம், இவள் பின்னால் விட்டுக் கெடுத்திருக்கிறாளே என்று. அப்புறம் அவள் விரல்களைப் பார்த்தேன். முன்னால்தான் விட்டாள். ஆனால் ஓட்டுகிற ஊசி இடது கையில் இருந்தது. நூலும் இடது கையில் ஓடியது. எதிரே உட்கார்ந்து பார்த்தவள், என் கை எந்தப் பக்கம் தெரிந்ததோ அந்தப் பக்கத்துக் கையிலேயே எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டுவிட்டாள். சொல்லிக்கொடுக்க ஆளில்லை, திருத்த ஆளில்லை, ஒரு கண்ணிகூட நழுவவில்லை. ஸ்வெட்டரின் ஒரு கை மட்டும் மற்றதைவிட நீளமாக இருந்தது. அதைக் கண்டுபிடித்ததும் எனக்குக் கொஞ்சம் நிம்மதி வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

உள்ளே கூப்பிட்டார்கள்.

அதிகாரி சிறு வயதுக்காரர், தும்மிக்கொண்டிருந்தார். வக்கீல் ஆரம்பித்தார். “ஸார், நிலம் சொந்தப் பண்ணை. இவங்க கூலிக்கு வந்துட்டுப் போறவங்க. என் கட்சிக்காரருக்கு இந்த அம்மா யாருன்னே தெரியாது.”

அதிகாரி எழுதிக்கொண்டே நிமிர்ந்தவர், குழந்தையைப் பார்த்தார். “நல்லாருக்கே ஸ்வெட்டர். எங்கம்மா வாங்கினீங்க?”

“வாங்கலைங்க. நானே போட்டது” என்றாள் காளியம்மாள். “வேதாரண்யத்துல எங்க அக்காவுக்குப் புயல் நிவாரணத்துல குடுத்த பழைய சொட்டருங்க. பிரிச்சுப் போட்டேன்.”

வக்கீல் சிரித்தார். “கும்பகோணம் கடைத்தெருவுல இதுமாதிரி வரிசையா தொங்குது ஸார்.”

தொங்குகிறதா? என் தேர்வடமா? கடைத்தெருவிலா?

“எந்தக் கடையில தொங்கறது?” என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. “சொல்லுங்கோ, எந்தக் கடை? இது தேர்வடம். நான் கண்டுபிடிச்ச பின்னல். லோகத்துல இதைப் போடத் தெரிஞ்சவா ரெண்டே பேர்தான்.”

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். “ரெண்டு பேருன்னா?”

“ஒண்ணு நான். இன்னொண்ணு இவ.”

“அப்ப இவங்களை உங்களுக்குத் தெரியும்.”

“தெரியாம என்ன?”

“யாரும்மா இவங்க?”

வக்கீல் இருமினார். நல்ல நீளமான இருமல். என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கு மறக்கவில்லை. கூலிக்காரி என்று ஒரு வார்த்தை, முக்கால் வேலி அதில்தான் நின்றது. சாமிதுரை துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். காளியம்மாள் என்னைப் பார்க்கவில்லை. குழந்தையின் நீளமான கையை மடித்து மடித்துச் சரிசெய்துகொண்டிருந்தாள். அந்த விரல்களைப் பார்த்தேன். தாழ்வாரத்துக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து என் வித்தையை முழுசாகப் பிடித்தவளை யாரென்று தெரியாது என்று சொன்னால், அப்புறம் என் வித்தைக்குத்தான் என்ன மதிப்பு?

“என் நிலத்தைக் குத்தகைக்குப் பயிர் பண்ற சாமிதுரையோட பெண்டாட்டி” என்றேன். “வருஷா வருஷம் நெல்லு எங்காத்துக் கொல்லையிலதான் இறங்கறது. எழுதிக்கோங்கோ.”

எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் வக்கீல் என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டார். சாமிதுரை கைகூப்பினார். காளியம்மாள் கும்பிடவுமில்லை, நன்றி என்று ஒன்றும் சொல்லவுமில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. குழந்தையை என் முன்னால் நிறுத்தினாள்.

“ஒரு கை நீண்டுபோச்சுங்க. எப்புடிக் கொறைக்கிறது?”

“மணிக்கட்டுலேர்ந்து பிரி. முழங்கை வரைக்கும் வரிசையை எண்ணிண்டு, மத்த கையோட ஒத்துப் பாத்துட்டு முடி.” அப்புறம் பொறுக்க முடியாமல் சொன்னேன். “நீ எல்லாத்தையும் எதிர்ப்பக்கமா போடறே, தெரியுமோ?”

அவள் என் பையிலிருந்து எட்டிப் பார்த்த பின்னலைப் பார்த்தாள், தன்னுடையதைப் பார்த்தாள். “நீங்கதாங்க எதிர்ப்பக்கமா போடுறீங்க” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பஸ் ஏறிய பிறகுதான் நிலம் நினைவுக்கு வந்தது. அப்பா கொடுத்த காணி. என் கணவரிடம் என்ன சொல்வது?

ஸ்கூல் விட்டு வந்தவரிடம் காபியைக் கொடுத்து முழுவதையும் சொன்னேன். டம்ளரைக் கீழே வைக்காமல் கேட்டார். காபி ஆறி ஏடு படிந்துவிட்டது.

“ஒரு பின்னலுக்காகவா விஜயம்?”

“வெறும் பின்னலா அது?”

அவர் ரேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தார், அதன் சட்டையையும். “இனிமே அந்த நிலத்தை நம்மால விக்க முடியாது. தெரியுமோல்லியோ?” என்றார். தெரியும் என்று தலையாட்டினேன். ஆறிய காபியை ஒரே மடக்கில் குடித்தார். பிறகு, “அவ நன்னா போட்டிருந்தாளா?” என்று கேட்டார்.

“ஒரு கை நீளம். ஆனா வடம் இருக்கே, அச்சு.”

மறுநாள் அவர் ஸ்கூலுக்குப் போன பிறகு பின்னலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வாஞ்சிக்கு ஒரு சால்வை. பாதிக்கு மேல் வளர்ந்துவிட்டது. இது முடிந்தால் அவருக்கு ஓர் அரைக்கை ஸ்வெட்டர், அப்புறம் ஓரத்தில் கோலப்புள்ளி வைத்து ஊஞ்சலுக்கு ஒரு விரிப்பு என்று மனதுக்குள் வரிசை நிற்கிறது. சால்வையில் ஒவ்வொரு வரிசை முடியும்போதும் அத்தனை கனத்தையும் தூக்கித் திருப்பிப் பிடிக்க வேண்டும். தோள் விட்டுப்போகிறது. அப்போதுதான் உறைத்தது. காளியம்மாளின் இடது கை எனக்கும் இருந்தால் திருப்பவே வேண்டாம். என் கையால் போகலாம், அவள் கையால் திரும்பி வரலாம். போட்டு முடிக்கிறவரை ஒரே முகமாக மடியில் கிடக்கும்.

எனக்குத் தெரியாத ஒரு கை இந்த ஊரில் இருப்பதா?

நாற்காலியை இழுத்துக்கொண்டுபோய் அலமாரிக் கண்ணாடிக்கு நேர் எதிரே போட்டேன். ஜன்னலைத் திறந்து வெளிச்சம் விட்டேன். மடியில் சால்வையைப் பரப்பிக்கொண்டு, கண்ணாடியில் உட்கார்ந்திருந்தவளின் விரல்களையே பார்த்தபடி மெதுவாக ஒவ்வொரு கண்ணியாக ஓட்டினேன். நான் வலது கையால் போட, அவள் இடது கையால் போட்டாள். முறுக்கு வரும் இடம் வந்தது. அவள் இடது கையைத் தூக்கித் தன் கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள்.