தோல்காரியும் குடல்காரியும்

கப்பலில் எல்லோரும் அந்த இருவரையும் தோல்காரி, குடல்காரி என்றுதான் சொன்னார்கள். வெளிச்சமே எட்டாத ஆழத்தில் திரியும் மீன்களின் மேல்தோலில் குடியிருக்கும் பாக்டீரியாக்களை ஆராய்ந்தவள் தோல்காரி. அதே மீன்களின் குடலுக்குள் இருப்பவற்றை ஆராய்ந்தவள் குடல்காரி. ஒரே ஆய்வகம், ஒரே மேசை. போதாததற்கு உறவு வேறு: தோல்காரியின் அண்ணனைத்தான் குடல்காரி கட்டியிருந்தாள்.

போன மழைக்காலத்தில் அந்தக் கல்யாணம் முடிந்துபோனது. சண்டை, சத்தம் எதுவும் இல்லை. அண்ணன் தன் துணிமணிகளை எடுத்துக்கொண்டு வேறு வீடு பார்த்துப் போய்விட்டான். தங்கை யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து வரும் முதல் பயணம் இது. இத்தனை வருஷம் வாய் நிறைய அண்ணி என்று அழைத்தவளை இனி என்னவென்று கூப்பிடுவது? "இங்க பாருங்க", "ஒரு நிமிஷம்" என்று மொட்டையாகவே பேசி ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள் தோல்காரி.

வேலையிலும் இருவருக்கும் ஏழாம் பொருத்தம். மேலே வந்த மீனை முதலில் யார் தொடுவது என்பதில்தான் எப்போதும் தகராறு. வயிற்றைக் கிழித்தால் குடல்நீர் கசிந்து தோல் கெட்டுவிடும். தோலைப் பஞ்சுக்குச்சியால் நிதானமாகத் துடைத்துக்கொண்டிருந்தாலோ, அதற்குள் மீன் சூடேறிக் குடலில் இருப்பதெல்லாம் மாறிப்போகும். சுற்றியிருக்கும் தண்ணீரிலிருந்துதான் மீனுக்கு பாக்டீரியாக்கள் வருகின்றன என்பது தோல்காரியின் கட்சி. தின்பதிலிருந்து என்பது குடல்காரியின் கட்சி.

அன்று காலை கப்பல் நன்றாக ஆடியது. ஏறிய வலையில் உருப்படியாக ஒரே ஒரு மீன்தான். கரிய உடம்பு, ஊசி ஊசியாய்ப் பற்கள், முழங்கை நீளம். வானிலை மோசமாகிறது, மறுபடி வலை விட முடியாது என்று கேப்டன் சொல்லிவிட்டார். வலையை இழுக்கும் விஞ்ச் ஓட்டுபவர் நல்ல மனிதர். சேறு அப்பியிருந்த மீனை ரப்பர் குழாயால் பீய்ச்சி அடித்துக் கழுவி, ட்ரேயில் வைத்து ஆய்வகத்துக்கே எடுத்துவந்தார்.

"பாருங்கம்மா, கல்யாண மாப்பிள்ளை மாதிரி குளிப்பாட்டிக் கொண்டுவந்திருக்கேன்!"

தோல்காரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தோலை மூடியிருந்த வழவழப்பு முழுக்கப் போயிருந்தது. இனி அங்கே இருக்கப்போவது குழாயில் வந்த மேல்மட்டக் கடல்நீரின் பாக்டீரியாக்கள்தான்.

"உங்களை யாரு கழுவச் சொன்னது?" என்று சீறினாள்.

"ஒரே சேறா இருந்துச்சும்மா..." மனிதரின் முகம் சுண்டிப்போயிற்று. ட்ரேயை வைத்துவிட்டு நகர்ந்தார்.

குடல்காரி கத்தியை எடுத்தாள். இன்று போட்டிக்கு ஆளில்லை, மீன் முழுதும் அவளுக்குத்தான். ஆனால் மீனைப் புரட்டிப் பார்த்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"செவுள் மூடி இறுக்கமா இருக்கு. தண்ணி உள்ள அவ்வளவா போயிருக்காது. செவுள்ல எடு."

"தலைக்குள்ள இருக்கறதெல்லாம் உங்க பங்குன்னு நீங்கதானே பிரிச்சீங்க?"

"பிரிச்சேன். இப்ப தரேன், எடுத்துக்கோ."

"அதுக்குள்ள குடல் சூடாயிடுமே?"

"ஐஸைக் கூட்டிக்கறேன். பேசிட்டே நிக்காதே."

கப்பல் ஆடும்போதெல்லாம் மீன் நழுவியது. குடல்காரி இரண்டு கையாலும் அதை அழுத்திப் பிடித்துக்கொள்ள, தோல்காரி இடுக்கியால் மூடியைத் தூக்கினாள். உள்ளே சிவந்த சீப்புப் பற்கள்போலச் செவுள், அதன்மேல் வழவழப்பு கலையாமல் இருந்தது.

"இன்னும் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க அண்ணி."

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. "ஸாரி, பழக்கதோஷம்..."

"எதுக்கு ஸாரி? போனது உங்க அண்ணன். நீ எங்க போன? குச்சியை மாத்து."

மாற்றினாள். "என்மேல கோபமா இருப்பீங்கன்னு நினைச்சேன்."

"கோபம்தான். அவன் போனப்புறம் ஒருநாளாவது வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தியா?"

"வந்தா, அண்ணனுக்குத் தூது வந்திருக்கேன்னு நினைப்பீங்களோன்னு..."

"நினைச்சுத்தான் இருப்பேன். ஆனா கதவைத் திறந்திருப்பேன்டி."

தோல்காரி கடைசிக் குச்சியையும் சோதனைக் குழாயில் போட்டாள். குழாய்களை மூடி உறைபெட்டியில் வைத்ததும் கையுறையைக் கழற்றிவிட்டு விஞ்ச் ஓட்டுபவரைத் தேடிப் போனாள். கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டாள். எதற்காகக் கழுவக்கூடாது என்றும் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, "அழுக்குக்கெல்லாம் இவ்வளவு மதிப்பா!" என்று சிரித்தார்.

கரைக்கு வந்து மரபணுச் சோதனை முடிவுகள் கிடைக்க நாளாயிற்று. தோலில் எதிர்பார்த்தபடியே மேல்மட்டத்துக் கடல். குடலில் பாதிக்கு மேல் அந்த மீன் விழுங்கிய இறால்களின் பாக்டீரியாக்கள். செவுளில் இருந்த கூட்டம் மட்டும் வேறாக இருந்தது. ஆழத்துத் தண்ணீரிலும் அது இல்லை, இரையிலும் இல்லை. எங்கோ கலப்படம் என்று சந்தேகப்பட்டு, மிச்சமிருந்ததை வைத்து மறுபடியும் பார்த்தார்கள். அதே முடிவுதான்.

"தண்ணியும் இல்ல, தீனியும் இல்ல," என்றாள் குடல்காரி. "ரெண்டு பேருமே தோத்தாச்சு."

"ஒரு மீனை வெச்சு அப்படிச் சொல்லிட முடியுமா அண்ணி?"

"முடியாதுதான். ஆனா எங்கேருந்து வந்திருக்கும்? முட்டையிலேயே தாய் கொடுத்து அனுப்பியிருக்குமோ?"

"நடுக்கடல்ல மிதக்கவிடற முட்டையிலயா? வளர்ற வழியில அதுவே எங்கயோ சேர்த்துக்கிட்டிருக்கும்."

"எங்கயோன்னா எங்க? இடத்தைச் சொல்லு!"

தோல்காரி நாற்காலியை இழுத்துப் போட்டு அண்ணியின் கணினித் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். அந்த வாதம் மூண்டதில் இருவருடைய மதியச் சாப்பாடும் ஆறிப்போனது.