பீர் மைதீன் மண்டிக்கு வந்த தகசுத்தோல்

1

இந்தக் கதை எனக்கு ராஜபாளையம் பஸ்ஸில் கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சொன்னார், முடிக்காமல் இறங்கிவிட்டார். (அவர் இறங்கியபோது வண்டி நிற்கவில்லை. அதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.)

மேற்குமலைமேல் கருமேகங்கள் கவிந்து நின்ற ஒரு—

வேண்டாம். தோல் மண்டியில் மேகத்துக்கு என்ன வேலை?

2

மண்டி ஸ்ரீவில்லிபுத்தூரில். முதலாளி பீர் மைதீன் கண்ணை மூடித் தடவியே எந்தத் தோல் என்று சொல்லிவிடுவார். ஒருமுறைகூடத் தப்பியதில்லை. ஒவ்வொரு அடுக்குக்கும் மேலே சுவரில் சாக்பீஸால் பெயர் எழுதியிருக்கும். பெயர் சொல்லாமல் ஒரு தோலும் வெளியே போகக் கூடாது. வாப்பா காலத்து வழக்கம்.

1987இல் ராஜபாளையத்திலிருந்து உபதேசியார் தங்கச்சாமி வந்தார்.

“பாய், மோசே காலத்துல சாமி கும்பிட்ட ஆசரிப்புக் கூடாரத்துக்கு மேல தகசுத்தோல் போத்துனாகன்னு வேதத்துல இருக்கு. தகசுன்னா என்ன உருப்படி? சபையில கேட்டா முழிக்கணும்.”

“படிச்சவுக என்ன சொல்றாக?”

“ஒருத்தர் கடற்பசுங்காரு. ஒருத்தர் மிருகமே இல்ல, சாயம்ங்காரு. யூதப் பெரியவுக, அந்தக் காரியத்துக்குன்னே வந்துட்டு மறைஞ்சுபோன மிருகம்னு சொன்னாகளாம்.”

“திரும்ப வந்தா தடவிப் பாத்துச் சொல்லுதேன்!” சிரித்துக்கொண்டே காலி மூலையின் சுவரில் ‘தகசு’ என்று எழுதினார் பீர் மைதீன்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: அந்த எபிரேயச் சொல் பிடிபடாததால், தமிழில் பெயர்த்தவர்கள் அதை அப்படியே விட்டுவிட்டார்கள். விவரமானவர்கள்.)

3

மறுநாள் அந்த மூலையில் ஒரு தோல் கிடந்தது.

“ஏலே இருளப்பா, யாருலே கொண்டாந்தது?”

உப்புத் தடவும் இருளப்பசாமி தள்ளியே நின்றான். “தெரியல மொதலாளி. தொட்டேன், சுடுது.”

“நாத்தம்?”

“இல்ல. தூங்குத பிள்ள வாசம்.”

பீர் மைதீன் கண்ணை மூடித் தடவினார். ஆடு என்றன விரல்கள். உடனே இல்லை என்றன. பிறகுதான் உறைத்தது. வயிற்றில் கத்திக்கோடு இல்லை. கழுத்திலும் இல்லை. இது உரித்த தோல் அல்ல. கழற்றி வைத்தது.

“வெளிய அனுப்பிச்சிருவோம் மொதலாளி.”

“என்னன்னு சொல்லிலே அனுப்ப?” அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

அப்போது, நல்ல உச்சிவெயிலில், கதவு தட்டப்பட்டது. ரொம்ப மரியாதையான தட்டல். வெளியிலிருந்து ஒரு குரல்:

“பாய், என் தோலு இங்க இருக்குன்னாக. அது என்ன தோலுன்னு மட்டும் சொல்லிருங்க, மாட்டிக்கிட்டுப் போயிருதேன். நான் என்னவா இருந்தேன்னு மறந்துபோச்சு.”

இருளப்பசாமி கிசுகிசுத்தான்: “மொதலாளி, நீங்க என்ன சொல்லுதியளோ வெளிய நிக்கது அதுவாவே ஆயிரும்.”

4

பஸ்ஸில் வந்தவர் கதையை விட்டது இங்கேதான். பீர் மைதீனை ‘ஆடு’ என்று சொல்லவைத்துப் பார்த்தேன். வெளியே நின்றது சிரித்தபடி உள்ளே வந்தது. ஆட்டுக்கு அத்தனை பல் கிடையாது, அந்த வரியை அடித்துவிட்டேன். ‘புலி’ என்று எழுதினேன். கதவுக்கு அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது, அதையும் அடித்தேன். ‘மனுசன்’ என்று எழுதும்போது, பஸ்ஸில் எனக்குக் கதை சொன்னவர் அந்த வெயிலிலும் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தது ஞாபகம் வந்து, அவர் ஏன் அடிக்கடி தன் கழுத்தை இழுத்துச் சரி—

பீர் மைதீன் இன்னும் தாழ்ப்பாளில் கை வைத்தபடி நிற்கிறார். தப்பாகப் பெயர் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். நீங்கள் எதைச் சொன்னாலும் அதையே சொல்லிவிடுவார்.

மெதுவாகச் சொல்லுங்கள். வெளியே நிற்பதற்குக் காது கூர்மை.