கை நனைத்த வீடு

ஆற்று மணலில் தோண்டிய குழியைச் சுற்றிக் கீழ்த்தோட்டத்துப் பெண்கள் குந்தியிருந்தார்கள். குழியில் கொஞ்சம் தண்ணீர் ஊறியதும் முறை வந்தவள் அதைக் கொட்டாங்குச்சியால் வழித்து மண்ணெண்ணெய் டின்னில் ஊற்றுவாள். மறுபடி ஊறும்வரை எல்லாரும் குழியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வெளிக்காட்டில் ஆட்களை வேலை வாங்கிவிட்டுத் திரும்பிய தண்டல் ஐயாவு கரையில் நின்றார்.

"என்ன அண்ணே, பார்த்துக்கிட்டே நிக்கிறீங்க? பார்த்தா ஊறிடுமா?" என்றாள் முத்தம்மா. அவளுடைய மகள் ஈயம் தோண்டிய குட்டைத் தண்ணீரைக் குடித்துவிட்டு, வயிற்றுப்போக்கோடு பத்து காஜா டவுன் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். "மேல அணைக்குக் காவல் உங்க சம்பந்திதானே? ஒரு வார்த்தை கேட்டா என்னவாம்?"

"அந்த ஆளுகிட்ட நான் பேசறதில்லைன்னு உனக்குத் தெரியுமில்ல."

"உங்க வீராப்பைக் காய்ச்சிக் குடிக்க முடியாதுலா அண்ணே."

பெண்கள் சிரித்தார்கள். ஐயாவு சிரிக்கவில்லை.

முன்பு கீழும் மேலும் ஒரே ரப்பர் தோட்டம். வெள்ளைக்காரக் கம்பெனி விற்றபோது இரண்டாக வெட்டி இரண்டு முதலாளிகள் வாங்கினார்கள். நடுவில் முள்கம்பி வேலி வந்தது. எழுபத்தேழில் மழை பொய்த்ததும், ரப்பர் ஆலைக்கே தண்ணீர் போதவில்லை என்று சொல்லி, மேல்தோட்டத்தில் ஆற்றைப் பலகை போட்டு மறித்துவிட்டார்கள்.

வேலிக்கு அந்தப் பக்கம்தான் ஐயாவுவின் மகள் பாப்பா வாழ்க்கைப்பட்டிருந்தாள். மாப்பிள்ளை வீட்டு விருந்தில், ஆபீசுக் கணக்கெழுதும் கிராணிமார் வந்துவிட்டார்கள் என்று ஐயாவுவின் அண்ணனைப் பாதிச் சாப்பாட்டில் இலையிலிருந்து எழுப்பிவிட்டார்கள். இனி அந்த வீட்டில் கை நனைப்பதில்லை என்று அன்றைக்கே சொல்லிவிட்டு வந்தவர் ஐயாவு. பேத்தி பிறந்தபோதும் வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார்.

சாயங்காலம் அவர் வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு மேலே நடந்தார். முத்தம்மாவும் சில பெண்களும் காலி டின்களோடு பின்னால் வந்தார்கள். வேலித் திறப்பில் மேல்தோட்டத்து ஆட்கள் நின்றிருந்தார்கள்.

"பாஸ்போர்ட் இருக்கா தண்டலு? இது வேற நாடுலா," என்றான் ஒருவன்.

"இருக்குடா. உங்கப்பன்தான் கையெழுத்துப் போட்டான்," என்றாள் முத்தம்மா.

அணைமேல் நின்றிருந்த மாயாண்டி தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "வாங்க சம்பந்தி."

"பலகையைத் தூக்குங்க. பிள்ளைங்க குட்டைத் தண்ணியைக் குடிச்சு ஆஸ்பத்திரியில கிடக்குது." தயவு என்ற சொல் ஐயாவுவின் வாயில் வரவில்லை.

மாயாண்டி தேங்கிய தண்ணீரையே பார்த்தபடி நின்றார். பிறகு, "தூக்குறேன்," என்றார். "ஆனா எங்க வீட்டுல சாப்பிடணும். அப்புறம்தான் பலகை."

வேலியோரம் சிரிப்பு எழுந்தது. "அப்படிப் போடு! தண்டலு கை நனைஞ்சாத்தான் கீழ மணலு நனையும்!"

ஐயாவு போய்விடத் திரும்பினார். வழியில் முத்தம்மா டின்னோடு நின்றாள். அவள் விலகவில்லை.

பாப்பா இலை போட்டாள். கருவாட்டுக் குழம்பு. வாசலில் ஆட்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐயாவு முதுகை வளைக்காமல் உட்கார்ந்து, எவர் முகத்தையும் பார்க்காமல், கசப்பு மருந்தை விழுங்குவதுபோல் ஒவ்வொரு வாயாக விழுங்கினார். மாயாண்டி மருமகளிடமிருந்து சட்டியை வாங்கித் தானே பரிமாறினார்.

"இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க சம்பந்தி."

"போதும். பலகையைத் தூக்குங்க."

இருட்டுவதற்குள் கீழ்த்தோட்டத்து மணல் நனைந்தது. பெண்கள் டின், வாளி, அண்டா என்று கையில் கிடைத்ததில் எல்லாம் மொண்டார்கள். ஐயாவு தன் வீட்டுக்கு ஒரு செம்புகூட எடுக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் ஆறு மறுபடி நின்றுபோனது. அவர் மேலே போனபோது பலகைகளின்மேல் குறுக்குச் சட்டங்கள் அறையப்பட்டிருந்தன. காவலுக்குப் புது ஆள். தொழிலாளர் லயத்தில் மாயாண்டியின் வீடு பூட்டிக் கிடந்தது. மானேஜர் பங்களா வேலியோரம், வெயிலில், கட்டிலும் தகரப் பெட்டியும் பாத்திர மூட்டையும் கிடந்தன. பாப்பா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா இது?"

"மாமாவுக்கு வேலை போச்சுப்பா. வீட்டையும் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. உங்க மாப்பிள்ளை லோரி பார்க்கப் போயிருக்காரு. ஜெலாப்பாங் டவுன்ல ஏதாவது ரூம் பார்க்கணும். சூசாதான், ரொம்பக் கஷ்டம்."

"இப்படி ஆகும்னு அந்த மனுசன் ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க பேசாம திரும்பிப் போயிருப்பீங்க. மாமாவுக்கு முன்னாடியே தெரியும். 'நாளைக்கு இந்த வீடு நமக்கு இருக்காது, உங்கப்பாவ இன்னைக்கே சாப்பிட வச்சிரணும்'னு சொல்லித்தான் என்னை இலை போடச் சொன்னாரு."

ஐயாவு சட்டைக் கையை மடித்துவிட்டு, கட்டிலின் ஒரு முனையைப் பிடித்து நிழலுக்கு இழுத்தார்.

பங்களா வேலிக்கு உள்ளே பம்பு ஓடிக்கொண்டிருந்தது. புல்தரையில் ரப்பர் குழாய் தண்ணீரை வீசி இறைத்தது. சில துளிகள் வேலியைத் தாண்டிச் சாலைப் புழுதியில் விழுந்தன. சற்றுத் தள்ளிக் குந்தியிருந்த மாயாண்டி எழுந்து அங்கே போய், துண்டை விரித்து அந்தத் துளிகளில் பிடித்தார். ஈரம் ஏறியதும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். புல் வெட்டிக்கொண்டிருந்த பங்களா ஆள் அவரைப் பார்த்தான். பிறகு மானேஜர் உட்காரும் மாடித் தாழ்வாரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தான். குனிந்து, குழாயை உள்பக்கமாகத் திருப்பி வைத்தான்.