வீட்டுக்குள் வந்த யாங்

சீனத் தத்துவம் சொல்லும் யாங் ஆற்றல் குறித்த இரண்டு நாள் வகுப்பை முடித்து வந்த கணவர், அதன் கூறுகளான செயல், வெப்பம், வெளிச்சம் மூன்றும் வீட்டில் குறைந்திருப்பதைக் கண்டுபிடித்தார். குறையைப் போக்க, மனைவியின் தையல் இயந்திரத்தைச் சன்னல் வெயிலுக்கு நேராகத் திருப்பி வைத்தார். நான்கு மணிக்குள் மணப்பெண்ணின் உடையை முடித்தாக வேண்டிய அவள், கண் கூசி, ஒரே தையலை மூன்று முறை பிரித்தாள்.

"ஏங்க, ஊசியே தெரியல."

"உடம்பு பழகணும்மா. எதிலயும் சமநிலை வேணும்" என்று சாய்வு நாற்காலியில் படுத்தபடியே அந்த ஞானி விளக்கினார்.

அவள் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி அவர் கையில் கொடுத்தாள்.

"இந்தாங்க, செயலும் இருக்கு, வெப்பமும் இருக்கு. உடையில மொத்தம் பன்னிரண்டு மடிப்பு. கருகினா மணப்பெண்ணுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

ஐந்தாவது மடிப்பு முடிந்தபோது அவருக்கு வேர்த்துக் கொட்டியது. பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் தாமே போய்ச் சன்னல் திரையை இழுத்து மூடினார்.

"வெளிச்சம் கொஞ்சம் அதிகமாயிடுச்சு."

"இப்பத்தாங்க வகுப்பு முடிஞ்சுது" என்றபடி அவள் ஒரே முயற்சியில் நூலைக் கோத்தாள்.

மூன்றே முக்காலுக்கு உடை தயாரானது. மீதி ஏழு மடிப்புகளையும் அவரே தேய்த்திருந்தார்.