ஏரிக்கரையில் கவிழ்த்த குண்டான்

எங்கள் குடும்பத்தில் ஏரிக்குப் போவது என்றால் சமைக்கப் போவது என்று அர்த்தம். நடப்பது, வேடிக்கை பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். பெரிய அலுமினியக் குண்டான், மூன்று கோழி, வாழைக்காய், மரவள்ளிக்கிழங்கு, சோளம், ஒரு கட்டு விறகு, பதினோரு ஆட்கள். எங்கள் போயாக்கா மலைப்பக்கம் ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் ஒவ்வொரு வேனின் தலையிலும் ஒரு குண்டான் உட்கார்ந்திருக்கும்.

சான்கோச்சோ சூப் என் பொறுப்பு. கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்தக் குண்டானை வேறு யாரையும் தொட விட்டதில்லை. மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தால்கூட எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அதிலும் என் நாத்தனார் பிதெலினா பார்த்தால் கேட்கவே வேண்டாம்.

வேன்காரன் எங்களைச் சாலையிலேயே இறக்கிவிட்டு நான்கு மணிக்கு வருகிறேன் என்று போய்விட்டான். அரை மணி நேரம் நடந்து கரைக்கு வந்து அடுப்பு மூட்டினோம். தண்ணீர் கொதிக்கும் முன்பே என் கணவர் எலியேசருக்கும் மகள் யினெத்துக்கும் கால் நிற்கவில்லை.

"அம்மா, மேட்டுக்கு மேல இருந்து பாத்தா ஏரி முழுசும் தெரியுமாம்" என்றாள். ஒன்பது வயது.

"சாப்பாடு ஒரு மணிக்கு. அப்புறம் வந்தா எலும்புதான் கிடைக்கும்."

"ருசியே எலும்புலதான இருக்கு!" என்று எலியேசர் சிரித்துக்கொண்டே ஒற்றையடிப் பாதையில் ஏறிவிட்டார்.

பன்னிரண்டரைக்கு மூடுபனி இறங்கியது. எதிரே இருந்த ஏரி காணாமல் போனது, பிறகு மேடு, பிறகு பத்தடி தள்ளி நின்ற மரம். "இப்போ விலகிடும்" என்று எல்லோரும் சொன்னோம். மலைக்காரர்கள் எங்களுக்கு அப்படியொரு நம்பிக்கை. ஒன்றரை ஆகியும் விலகவில்லை. மேட்டின் மறுபக்கம் பாதை நேராகச் சதுப்பில் போய் இறங்கும். போன வருடம் அதில் ஒரு பசு புதைந்து போனது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்கு வேறெதுவும் நினைவுக்கு வரவில்லை.

போனில் சிக்னல் இல்லை. தேடப் போன என் கொழுந்தன் பத்து நிமிடத்தில் திரும்பிவிட்டான். "என் கையே எனக்குத் தெரியல அண்ணி. நானும் தொலைஞ்சா தேட ஆள் பத்தாது." தொண்டை கிழியக் கத்தினோம். பனி எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டது.

"மூடியைத் தட்டினா பத்தாது. குண்டானைத் தட்டினா தூரத்துக்குக் கேக்கும்" என்றாள் பிதெலினா.

"நிறைஞ்ச குண்டான் எங்க சத்தம் போடும்?" என்றேன் நான்.

இருவரும் குண்டானைப் பார்த்தோம். கோழி வெந்து, கொத்தமல்லி வாசனை ஊரைக் கூட்டியது. பதினோரு பேரின் பசி அதில் இருந்தது. துணியைச் சுற்றி நான் ஒரு காதைப் பிடித்தேன், அவள் மறு காதைப் பிடித்தாள். அப்படியே புல்லில் கவிழ்த்தோம்.

விறகு கட்டிய கயிற்றில் குண்டானைக் கிளையில் தொங்கவிட்டு இரும்புக் கரண்டியால் அடிக்க ஆரம்பித்தேன். கை கொப்பளித்தது. நிறுத்தவில்லை. பனிக்கு அந்தப் பக்கம் சமைத்துக்கொண்டிருந்த வேறொரு குடும்பத்திலிருந்து தொப்பி போட்ட ஒருவர் வந்தார்.

"என்னம்மா, தெருவுல பாத்திரம் தட்டிப் போராடுற மாதிரி ஏரிகிட்டயும் போராட்டமா?"

விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரிப்பு நின்றது. ஓடிப்போய்த் தன் குண்டான் மூடியை எடுத்துவந்து அடித்தார். அதைக் கேட்டு அடுத்த அடுப்புக்காரர்கள், அதற்கடுத்தவர்கள். கரை முழுக்க மூடியும் தட்டும் முழங்கின. முன்பின் தெரியாத ஜனங்கள். அவர்கள் கை நோகாமல் இருக்க வேண்டும் என்று இன்றைக்கும் வேண்டிக்கொள்கிறேன்.

இரண்டே முக்காலுக்குப் பனிக்குள்ளிருந்து முதலில் மகளின் சிவப்புத் தொப்பி வந்தது. பின்னால் முழங்கால் வரை சேறோடு எலியேசர். நான் கரண்டியைப் போட்டுவிட்டு இருவரையும் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன்.

அதற்குள் கரையில் இருந்த மற்ற ஐந்து அடுப்பிலிருந்தும் கிண்ணங்கள் வந்துவிட்டன. ஒருவர் வீட்டுக் கோழி, இன்னொருவர் வீட்டு மீன், யாரோ கொடுத்த சோள ரொட்டி. கம்பளியைப் போர்த்திக்கொண்டு யினெத் வாய் நிறையச் சாப்பிட்டபடி கதை சொன்னாள்.

"அப்பா கீழ இறங்குறதுதான் வழின்னு என்னை இழுத்துட்டே போனாரு. அப்போ சத்தம் பின்னால கேட்டுச்சு. யாரோ சமைக்கிறாங்க, வான்னாரு. நான் வரல. ஒரு குண்டான் மட்டும் திட்டுற மாதிரியே கேட்டுச்சு. அது அம்மாதான்னேன்."

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எலியேசர் சிரிக்கவில்லை.

"எனக்கு முழங்கால் வரைக்கும் சதுப்புல இறங்கிடுச்சு, ரோஸ்மிரா. இவ கையை உதறிட்டு நின்னதாலதான் நானும் நின்னேன். இன்னும் நாலடி வெச்சிருந்தா..."

பிதெலினா என் தோளை அழுத்திப் பிடித்தாள். கடவுளே, உனக்குக் கோடி நன்றி என்று எல்லோர் காதிலும் விழும்படி அங்கேயே சொன்னேன். பிறகுதான் எலியேசரைத் திட்ட ஆரம்பித்தேன். வேன் வரும்வரை திட்டினேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.