பேருந்துக்கு முன்னால் ஒரு கண்ணாடிக் குடில்

மனித நாகரிகத்தின் வரலாறு என்பது, சூரியனை ஒரு கூரைக்குக் கீழே குடிவைக்க மனிதகுலம் நடத்திவரும் ஓயாத போராட்டத்தின் வரலாறே ஆகும். இதைச் சொன்னவர் லயனல் பார்கின். சொன்ன இடம், ஹாலின் பேங்க் தோட்டக்காரர் சங்கத்தின் தகரக் கொட்டகை. சொல்ல நேர்ந்த காரணம் வேறு: அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையை பிப்ரவரியிலிருந்து தக்காளி நாற்றுத் தொட்டிகள் ஆக்கிரமித்திருந்தன. அவரும் அவர் மனைவி மேவிஸும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் சாப்பிட்டு வந்தார்கள்.

மே மாதம் பிறந்ததும் மேவிஸ் கெடு வைத்தார். வைத்தது எங்கள் எல்லோர் முன்னாலும், தேநீர் வேளையில்.

"வர்ற ஞாயித்துக்கிழமை மத்தியானம் என் மேஜையில உக்காந்து நான் சாப்பிடணும், லயனல். இல்லன்னா இனிமே ஸ்கார்பரோவுல என் தங்கச்சி மேஜையிலதான் எனக்குச் சாப்பாடு. திரும்பி வர டிக்கெட் எடுக்க மாட்டேன்."

"இதைக் கூட்டக் குறிப்புல ஏத்த வேண்டாம்" என்றார் லயனல்.

அவர் எங்கள் சங்கத்தின் தலைவர். நகராட்சியிடம் வாடகைக்கு எடுத்த துண்டு நிலங்களில் முட்டைக்கோசும் வெங்காயமும் போடுகிற எங்களுக்குத் தலைவர் என்று ஒருவர் எதற்கு என்று கேட்கலாம். லயனல் கேட்கவில்லை. வேலையில் இருந்த காலமெல்லாம் பேருந்துக் கம்பெனியில் நேரம் பார்க்கும் அதிகாரியாக இருந்தவர். வண்டி தாமதமாக வந்தாலும் எழுதுவார், முன்னதாகக் கிளம்பினாலும் எழுதுவார். ஓய்வு பெற்றபோது விசிலை மட்டும் கம்பெனிக்குத் திருப்பித் தரவில்லை. இங்கே வந்ததும் இடுப்பில் அளவு நாடாவையும் மாட்டிக்கொண்டார். வின்னி சக்டனின் மரக்கொட்டகை விதியைவிட ஒரு சாண் உயரம் என்று அளந்து கண்டுபிடித்து, அவரே அறுத்துக் குறைக்கும்படி செய்தார். அதற்காகவே வின்னி ஒரு ரம்பம் வாங்கினார். கொட்டகைக்குள் அவர் இப்போது குனிந்துதான் நிற்கிறார். ரம்பத்தை மட்டும் எண்ணெய் போட்டுப் பளபளவென்று வைத்திருக்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வருடம் தோட்டத்து நுழைவாயிலில் இரண்டு கம்பம் நட்டு, குறுக்கே ஒரு பலகை அடித்தார் லயனல். ஹாலின் பேங்க் தோட்டக்காரர் சங்கம் என்று ஒரு வரி. தலைவர் எல். பார்கின் என்று, எழுத்து சற்றே பெரிதாக, இன்னொரு வரி. மலையடிவாரத்தில் இருக்கும் போட்டிச் சங்கத்துக்காரர்கள் பொறாமையில் அதைத் திருடிவிடுவார்கள் என்று ஒருவழித் திருகாணி போட்டார். முடுக்க மட்டும்தான் முடியும், கழற்ற முடியாது. திருடன் யாரும் வரவில்லை.

கெடு விழுந்த வாரத்தில் ஸ்டேஷன் சாலை திருமதி பிக்கர்ஸ்கில் குளிர் தாங்காத நாற்றுகளை வைத்து வளர்க்கிற தன் கண்ணாடிக் குடிலை விற்கிறார் என்று தெரியவந்தது. அலுமினியச் சட்டம், சுற்றிலும் கண்ணாடி, ஓரத்தில் கொஞ்சம் பாசி. எங்கள் நுழைவாயிலிலிருந்து ஒரு கூப்பிடு தூரம். லயனல் டை கட்டிக்கொண்டு போனார்.

"நாப்பது பவுண்டு. சனிக்கிழமைக்குள்ள எடுத்துடணும். திங்கக்கிழமை எம் மவன் அந்த இடத்துல வெந்நீர்க் குளியல் தொட்டி வைக்கிறான்" என்றார் திருமதி பிக்கர்ஸ்கில்.

"அம்மா, இது வெறும் குடில் இல்ல. மனுஷனுக்கும் சூரியனுக்கும் நடுவுல ஒரு..."

"எங்க வீட்டுக்காரர் எனக்குத் தெரியாம சிகரெட் புடிச்ச இடம், கண்ணு. நாப்பது."

சனிக்கிழமை காலை நாங்கள் எட்டுப் பேர் ஸ்பானரோடு போனோம். நட்டுகள் துருவேறிக் கல்லாகியிருந்தன. டெல்ராய் பின்னக்குத்தான் எங்களில் கை பலம் அதிகம். தன் துண்டு நிலத்தில் ஜமைக்காப் பூசணி போட்டு, காய்த்த கதையை நவம்பர் வரை சொல்லுகிறவன். மதியம் வரை போராடி அவனும் ஒரே ஒரு நட்டைத்தான் வென்றான். மாலையில் பலத்த காற்று என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்தது.

"கழட்ட வேண்டாம். அப்படியே தூக்குறோம்" என்றார் லயனல்.

"கண்ணாடியோடவா?"

"கண்ணாடியோட. நீங்க எட்டுப் பேரும் உள்ள நில்லுங்க, சட்டத்தப் புடிச்சித் தூக்குங்க, நடங்க. நான் முன்னாடி விசில் ஊதிக்கிட்டுப் போறேன். நுழைவாயிலை அளந்துட்டேன். ரெண்டு பக்கமும் கட்டை விரல் அளவு இடம் மிச்சம்."

"லயனல், கடைசியில கதவு எந்தப் பக்கம் பாத்து வரணும்?" என்று உள்ளேயிருந்து கேட்டார் வின்னி.

"கேள்வியெல்லாம் கடைசியில."

விசில் ஊதினார். தூக்கினோம். கனம் பெரிதில்லை, பயம்தான் பெரிது. தலைக்கு மேலே கண்ணாடி, காதோரம் கண்ணாடி. ஒருவர் அடி தவறினால் சட்டம் முறுக்கிக்கொண்டது; சட்டம் முறுக்கினால் கண்ணாடி முனகியது. அந்த முனகலைக் கேட்டதும் எட்டுப் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

"வின்னி, உங்க பூட்ஸ் என் கால் மேல இருக்கு" என்றான் டெல்ராய் மெதுவாக.

"உன் கால் என் பூட்ஸுக்குக் கீழ இருக்கு, ராசா. எடுத்துக்கோ."

சாலையில் இறங்கியதும் வின்னிக்குப் பக்கத்தில் அடிவரிசைக் கண்ணாடி ஒன்று வழுக்கியது. யாருக்கும் கை காலி இல்லை. அது நிதானமாக நழுவி, எங்கள் கண் முன்னாலேயே தாரில் விழுந்து தூளானது. அந்தச் சதுரத் துவாரத்தின் வழியாக உள்ளே வந்த காற்று மேல் கண்ணாடிகளைத் தட்டிப் பார்த்தது.

"ஒண்ணுதானே. நடங்க" என்றார் லயனல். குரல் சுருதி இறங்கியிருந்தது.

அப்போது எங்களுக்குப் பின்னால் முப்பத்தாறாம் எண் பேருந்து வந்து நின்றது. நாங்கள் நகர நகர அதுவும் ஊர்ந்தது. ஓட்டுநர் பெவ், சன்னலைத் திறந்து தலையை நீட்டினார். நிறுத்தத்திலிருந்து ஒரு நிமிடம் முன்னதாகக் கிளம்பினார் என்று லயனல் ஒரு காலத்தில் எழுதிக்கொடுத்த அதே பெவ்.

"பார்கின் சார்! நான் லேட்டு! நானே எழுதிக் குடுக்கணுமா, இல்ல நீங்க எழுதிக்கிறீங்களா?"

லயனல் கம்பீரமாகத் திரும்பினார். திரும்பியவர் அப்படியே நின்றார். பேருந்தின் முன் இருக்கையில், மடியில் பெட்டியோடு, மேவிஸ் உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கப் பொறுமை இல்லை போலும். முப்பத்தாறு ரயில் நிலையத்துக்குப் போகிற வண்டி.

லயனல் விசிலை ஊதினார். காற்று மட்டும் வந்தது.

நுழைவாயிலை அடைந்தோம். இரண்டு பக்கமும் கட்டை விரல் அளவு இடம் இருந்தது. அந்த மட்டில் மனிதர் பொய் சொல்லவில்லை. முன்பக்கம் உள்ளே போனது. 'டங்' என்று ஒரு சத்தம். குடிலின் முகடு, தலைவர் எல். பார்கின் என்ற பலகையில் போய் முட்டி நின்றது. அகலத்தை அளந்தவர் உயரத்தை அளக்கவில்லை. அந்தப் பலகைக்குக் கீழே ஒருநாள் இடம் போதாமல் போகும் என்று அவருக்கு எப்படித் தோன்றியிருக்கும்?

தரையை உரசும்படி இறக்கிப் பார்த்தோம், அப்போதும் போகவில்லை. பின்பாதி சாலையின் சரிவில் இருந்தது. அங்கே பாரத்தை விட்டால் சட்டம் முறுக்கிக்கொண்டு மொத்தக் கண்ணாடியும் எங்கள் தலையில்தான். காற்றும் சொன்னபடி வந்துவிட்டது. முகட்டுக் கண்ணாடிகள் பல் தந்தியடித்தன.

"பலகையைக் கழட்டுங்க தலைவரே!" என்று கத்தினான் டெல்ராய்.

"கழட்ட முடியாது."

"ஏன்?"

"அந்த மாதிரித் திருகாணி போட்டிருக்கேன்."

குடிலுக்குள் எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் ஒரே வார்த்தையைச் சொன்னோம். அதை இங்கே எழுத முடியாது.

"என் கொட்டகையில ரம்பம் இருக்கு" என்றார் வின்னி. முகத்தில் ஒரு தெய்வீக அமைதி. "கதவுக்குப் பின்னால ஆணியில தொங்குது. குனிஞ்சு போ லயனல் கண்ணு, தலை இடிக்கும்."

விசிலோடு முன்னால் போய் ஏற்கெனவே வாயிலுக்கு உள்ளே நின்றிருந்த லயனல் ஓடினார். இடித்த சத்தம் எங்களுக்குக் கேட்டது. ரம்பத்தோடு திரும்பி வந்து, கம்பத்தின் அடிக்கட்டை மேல் ஏறி, பலகையின் ஒரு முனையில் பல்லைப் பதித்தார். பதித்தவர் பேருந்தைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஸ்கார்பரோ ரயில் எப்போது கிளம்பும் என்பது இந்த ஊரில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும். பலகை விழுந்தால் வழி திறக்கும். வழி திறந்தால் பேருந்து போகும். பேருந்து போனால் மேவிஸ் போவார். வேகமாக அறுத்தால் குடில் மிஞ்சும். மெதுவாக அறுத்தால் மனைவி.

ரம்பம் ஒருமுறை முன்னே போனது. யோசித்தது. ஒருமுறை பின்னே வந்தது.

"என்னய்யா, பிடில் வாசிக்கிறீங்களா?" என்றான் டெல்ராய். "எனக்குத் தோள் கழண்டுடும்!"

"மரம் கெட்டி" என்றார் லயனல்.

"மெல்லிசுப் பலகைய்யா அது! உங்க பேரைத் தவிர அதுல என்ன கெட்டி?"

நெற்றியில் வியர்வை வழிய லயனல் மறுபடி ஒருமுறை இழுத்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எங்கள் தலைக்கு மேலே ஒரு கண்ணாடியில் மூலையிலிருந்து மூலைக்கு ஒரு கீறல் சாவகாசமாக ஓடியது. யாரோ பிரார்த்தனை செய்ய ஆரம்பித்துப் பாதியில் மறந்துபோனார்கள்.

பேருந்தின் கதவு திறந்தது. மேவிஸ் பெட்டியோடு இறங்கி வந்தார். கணவர் மணி பார்ப்பதை முன் இருக்கையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவருக்கு விஷயம் புரியாமலா இருக்கும்? எத்தனை வருடக் குடும்பம்.

"குடு இங்க."

"மேவிஸ், ரயிலுக்கு இன்னும்..."

"ரயில் எப்பன்னு எனக்கும் தெரியும். குடுன்னா குடு."

பெட்டியைத் தரையில் வைத்து அதன் மேல் ஏறி நின்று அறுத்தார். பிப்ரவரியிலிருந்து மடியில் தட்டு வைத்துச் சாப்பிட்டவரின் கை அது. ஒரு முனை போனது. பெட்டியை உதைத்து நகர்த்தி மறுமுனைக்குப் போனார். பேருந்துப் பயணிகள் கைதட்டினார்கள். பலகை கீழே விழுந்தபோது தலைவர் பெயர் மண்ணைப் பார்த்து விழுந்தது.

"நடங்க!" என்று கத்தினார் வின்னி. நடந்தோம். நடந்தோம் என்றா சொன்னேன்? ஓடினோம். குடிலின் பின்பக்கமும் உள்ளே வந்து சாலை காலியானது.

காலியான சாலையைப் பார்த்ததும் லயனல் விசிலை வாயில் வைத்து நீளமாக ஒரு ஊது ஊதினார். இந்தமுறை சத்தம் வந்தது. புறப்படலாம் என்பதற்குக் கம்பெனியில் ஊதுகிற விசில் அது. பெவ் கதவைச் சாத்தி வண்டியை எடுத்துவிட்டார். மேவிஸ் ரம்பத்தோடு பின்னால் ஓடினார்.

"பெவ்! நான் ஏறல! நில்லு!"

"ஏறாதவங்களுக்காக வண்டி நிக்காதும்மா!" என்ற குரல் சன்னலிலிருந்து வந்தது. "சார் சொல்லிக்குடுத்தது!"

அந்த விசிலைப் பழக்க தோஷத்தில் ஊதினாரா, தந்திரமாக ஊதினாரா என்று சங்கம் இன்றுவரை இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கிறது.

எங்களுக்கு அதைக் கவனிக்க நேரமில்லை. முள்வேலிக்கும் வின்னியின் கொட்டகைக்கும் நடுவில் செங்கல் தளம் தயாராக இருந்தது. கை செத்துப்போயிருந்தது. எப்படி வந்தோமோ அப்படியே கொண்டுபோய் இறக்கினோம். ஒரு கண்ணாடி உடைந்தது, ஒன்று கீறியது, மற்றவையெல்லாம் நின்றன. உள்ளே ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டோம். பிறகு வெளியே வரலாம் என்று திரும்பினோம்.

கதவு வேலிப் பக்கம் இருந்தது. திறந்தது, திறந்ததும் முள். ஒரு பூனை வேண்டுமானால் போகலாம்.

"நான் அப்பவே கேட்டேன்" என்றார் வின்னி.

உடைந்த கண்ணாடியின் துவாரம் வழியாக ஒவ்வொருவராகத் தவழ்ந்து வெளியே வந்தோம். ஏறி நின்றதில் பெட்டியின் பூட்டு தெறித்திருக்க, கையில் ரம்பத்தோடு நின்றுகொண்டிருந்த மேவிஸின் கால்களுக்கு முன்னால்தான் எல்லோரும் தலை நீட்ட வேண்டியிருந்தது. முதல் தலையைப் பார்த்தபோது மேவிஸ் உதட்டைக் கடித்தார். நான்காவது தலைக்குச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். டெல்ராய் தோளில் சிக்கி, "என்னைப் பெத்தவளே" என்று அலறியபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"குடிலைத் திருப்பி வைக்கணும்" என்றார் லயனல். "எல்லாரும் மறுபடி உள்ள..."

எட்டுப் பேரும் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டோம். போகும்போது மேவிஸ் சொன்னது காதில் விழுந்தது.

"அடுத்த ரயில் திங்கக்கிழமை, லயனல். என் மேஜை நாளைக்கு மத்தியானத்துக்குள்ள."

அன்று இருட்டும்வரையும், ஞாயிறு விடிந்ததிலிருந்தும் லயனல் தள்ளுவண்டியில் தொட்டிகளைக் கொண்டுவந்து துவாரம் வழியாக உள்ளே கடத்தினார். கடைசித் தொட்டி மதியத்துக்குச் சற்று முன்னால் மேஜையை விட்டுப் போனது. மேவிஸ் மேஜையைத் துடைத்து, வெள்ளை விரிப்பு போட்டு, இரண்டு தட்டு வைத்தார். சுட்ட மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, யார்க்‌ஷயர் புட்டிங், குழம்பு. நிமிர்ந்து உட்கார்ந்து, நிதானமாகச் சாப்பிட்டார். ஸ்கார்பரோவுக்குப் போகவில்லை.

லயனல் சாப்பாட்டுக்கு வரவில்லை. துவாரத்தில் வயிறு சிக்கிக்கொண்டதால் அவர் அப்போது பாதி குடிலுக்கு உள்ளேயும் பாதி வெளியேயும் இருந்தார்.