போர்வைகள் தின்ற வெயில்

தெருவில் யார் வீட்டுத் துணி மழையில் நனைந்தாலும் திட்டு விழுவது ஒரே ஆளுக்குத்தான். வானிலை நிலையத்தில் வெயிலையும் ஈரத்தையும் அளந்து அனுப்புவது மட்டுமே அவன் வேலை. மழை வரும், வராது என்று சொல்வதெல்லாம் தலைமை அலுவலகம். அதை எடுத்துச் சொன்னால் கேட்பதற்கு யாருக்குப் பொறுமை இருக்கிறது? மழைவாயன் என்று பெயர் வைத்துவிட்டார்கள், நிலைத்துவிட்டது.

நிலையம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மாடிக் கட்டடம், மொட்டைமாடியில் நான்கு கால்களில் நிற்கும் வெள்ளைப் பெட்டி, அதற்குள் வெப்பமானிகள். வெயில் நேரே படாமல் காற்று மட்டும் நுழைய, பெட்டியின் பக்கங்களில் சாய்ந்த பலகைகள். கீழே அவனுடைய அக்காவின் சலவைக்கடை. சாப்பாடு அக்கா வீட்டில்தான். சோற்றோடு திட்டும் உண்டு, அதற்கு மட்டும் அளவே கிடையாது.

கொஞ்ச நாளாக அவன் அனுப்பும் கணக்கு பக்கத்து ஊர்களோடு ஒத்துப்போகவில்லை. எல்லா ஊரும் கொதிக்கிறது, இவன் ஊர் மட்டும் குளுகுளு என்கிறது. கடைசியில் தலைமை அலுவலகம் போனில் பிடித்துக்கொண்டது. நாளை அதிகாரி வருவார். கருவியில் பழுதில்லை என்றால் தப்பு அவனுடையது. நிலையத்தை மூடிவிட்டு அவனைக் கண்காணாத ஊருக்கு மாற்றிவிடுவார்கள்.

அவன் மாடிக்கு ஓடினான். உச்சிவெயில், சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பெட்டியருகே போனதும், அப்பாடா, என்ன சுகம்! சுற்றிலும் அக்கா துவைத்துப் போட்ட ஓட்டல் போர்வைகள் சொட்டச் சொட்டத் தொங்கின. கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் அந்தக் குளிர்ச்சியை அனுபவித்தவன், திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தான்.

தண்ணீர் சும்மா ஆவியாகுமா? அதற்குச் சூடு வேண்டும். அந்தச் சூட்டை இந்தப் போர்வைகள் சுற்றியுள்ள காற்றிலிருந்துதான் உறிஞ்சிக்கொண்டிருந்தன. குளிர்ந்து ஈரமான அதே காற்று பெட்டிக்குள் போனால் வெப்பமானி பாவம் என்ன செய்யும்? அதற்குத் தெரிந்த உண்மையைத்தான் அது சொல்லும்.

போர்வைகள் தொங்கிய கயிற்றின் மறுமுனை எங்கே என்று பார்த்தான். பெட்டியின் காலிலேயே கட்டியிருந்தது. கட்டியது அவனேதான். ஓட்டல் துணி வெளுக்கும் வேலை கிடைத்த சந்தோஷத்தில் அக்கா, காயப்போட இடம் போதவில்லை என்றபோது, "இதுல கட்டிக்கோக்கா" என்று பெரிய மனது பண்ணியிருந்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டு, குத்துதே குடையுதே என்றால் யார் என்ன செய்ய முடியும்?

அதிகாரியிடம் சொன்னால் அவன் ஊர் மாறாமல் தப்பலாம். ஆனால் கயிறு அவிழ்ந்துவிடும். அக்காவுக்கு வெயில் விழும் இடம் வேறு இல்லை, ஓட்டல் வேலை கைவிட்டுப் போகும். யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடுவதென்று முடிவு செய்தான். அந்த முடிவு மதியச் சாப்பாட்டைத் தாண்டவில்லை.

"என்னடா, சோத்தை அளந்துக்கிட்டு இருக்க? அதையும் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பணுமா?" என்றாள் அக்கா.

அக்காவிடம் பொய் சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

"அப்ப என் போர்வை உன் வெயிலைத் தின்னுடுச்சு. தின்ன சூடு எங்கடா போகும்?"

"ஆவியோட சேர்ந்து மேல போகும்க்கா. அங்க அது மேகமாகும்போது அவ்வளவு சூட்டையும் காத்துக்கே திருப்பிக் குடுத்துடும். இடி மின்னல்னு அவ்வளவு ஆட்டம் போட மேகத்துக்கு வேற எங்கிருந்து தெம்பு வரும்?"

"நல்ல மேகம். வாங்கினதைத் திருப்பிக் குடுக்குதே."

"விளையாடாதக்கா. நாளைக்கு அதிகாரிகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. சத்தியமா?"

அக்கா அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "சரி, சொல்லல" என்று குழம்பை ஊற்றினாள். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டாளே என்று அவனுக்கு உள்ளுக்குள் வலித்தது.

மறுநாள் அதிகாரி மூச்சிரைக்க மாடியேறி வந்தார். தான் கொண்டுவந்த வெப்பமானியைப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒன்றையே காட்டின.

"கருவி நல்லாத்தான் இருக்கு. அப்ப தப்பு யாரு மேல?"

அப்போது படியில் தடதடவென்று சத்தம். அக்கா வந்தாள். யாரையும் பார்க்காமல், காயாத போர்வைகளைக் கொடியிலிருந்து உருவித் தோளில் போட ஆரம்பித்தாள்.

"ஏம்மா, ஈரத்துணியை ஏன் எடுக்கிறீங்க?" என்றார் அதிகாரி.

"என்னை ஒண்ணும் கேக்காதீங்க சார். ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

"யார்கிட்ட?"

"அதையும் சொல்லக் கூடாது" என்று தம்பியைப் பார்த்து முறைத்தாள்.

கொடி காலியாகக் காலியாக மாடியில் அனல் வீசியது. அதிகாரி கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். துடைத்த கை அப்படியே நின்றது. பெட்டியைத் திறந்து பார்த்தார். பாதரசம் மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது. அது பக்கத்து ஊர்க் கணக்கைத் தொடும்வரை மூவரும் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

அதிகாரியின் பார்வை பெட்டியின் காலுக்கு இறங்கியது. "இந்தக் கயிறை இதுல கட்டின புத்திசாலி யாரு?"

"நான்தான் சார்."

அவர் சிரிக்க ஆரம்பித்தார், நிறுத்த முடியவில்லை. "நிலையத்தை மூட வேண்டாம். எதிர்ல இருக்கிற மைதானத்துல பெட்டியை வைக்க ஏற்பாடு பண்றேன். அதுக்கப்புறம் மாடி முழுக்க உங்க துணிதாம்மா. அதுவரைக்கும் இங்க ஒரு கைக்குட்டைகூடக் காயக் கூடாது!"

அவர் இறங்கிப் போனதும் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏன்க்கா இப்படிப் பண்ணின? அவர் மைதானத்தைப் பத்திச் சொல்வாருன்னு உனக்குத் தெரியுமா என்ன? ஓட்டல்காரர் வேலையை வேற ஆளுக்குக் குடுத்திருந்தா?"

அக்காவின் தோள் ஈரத்தில் ஊறியிருந்தது. அந்தப் பாரத்தை இறக்கி அவன் கைகளில் போட்டாள்.

"குடுத்தா குடுக்கட்டும்டா. ஓட்டல் வேற கிடைக்கும். நீ போயிட்டா, தட்டைப் போட்டுட்டு நான் யாருக்காகடா காத்திருப்பேன்?"